காணாமல் போனதெல்லாம் கிறிஸ்மஸ் அன்று கிடைக்கும்

சாம் ராசா,

வாணிக்கு விசா வந்துவிட்டது என்று நீ போனில் போட்ட சத்தத்தில் உன் அப்பா கையிலிருந்த காபியைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். அன்றிலிருந்து நம் வீட்டில் பெட்டி கட்டும் வேலைதான். கருப்பட்டி முக்கியமா வடகம் முக்கியமா என்று நானும் உன் தங்கை கிரேசும் சண்டை போட்டு, இரண்டையும் வைத்து, எடை கூடிப்போய், கடைசியில் மருமகள் வாணி தன் சேலைகளில் பாதியை வெளியே எடுத்துவிட்டாள். அடுத்த வாரம் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுகிறாள். இந்தக் கடிதத்தை அவள் கைப்பையில்தான் வைக்கப்போகிறேன். உறையை ஒட்டவில்லை. அவளும் படிக்கட்டும். கிரேஸ் ஏற்கெனவே என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டுதான் இருக்கிறாள். போனில் நான் எதைச் சொன்னாலும் நீ "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

இந்தக் கிறிஸ்மசுக்கு நீங்கள் இரண்டு பேரும் மஸ்கட்டில் தனியாக இருப்பீர்கள். நம் வீட்டு வழக்கத்தை அங்கேயும் தொடங்கப்போவதாக வாணியிடம் சொன்னாயாம். நல்லது, தொடங்கு. ஆனால் அதற்கு முன்னால் போன வருஷம் இங்கே என்ன நடந்தது என்பதை நீ முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அவள் உன்னிடம் சொன்னதெல்லாம், "வாட்ச் காணாம போச்சு, அப்புறம் கெடச்சிருச்சு" என்பது மட்டும்தானாம். தாமிரபரணியில் வெள்ளம் வந்து ரோட்டில் படகு விட்ட வருஷத்தைப் பற்றி, "மழை பெய்தது, நின்றது" என்று சொல்வது மாதிரி இருக்கிறது அது.

முதலில் இந்த வழக்கம் யாரால் வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரியும்; ஆனாலும் உன் பெண்டாட்டி படிக்கும்போது அதை எழுத்தில் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. நீ இரண்டாம் வகுப்பில் இருந்தபோது, ஒரு டிசம்பரில் உன் அப்பாவின் மூக்குக்கண்ணாடி காணாமல் போனது. அவருக்குக் கல்லூரி அலுவலகத்தில் எழுத்தர் வேலை. கண்ணாடி இல்லாவிட்டால் ஒரு எழுத்து தெரியாது. வேறு வழியில்லாமல் என் கண்ணாடியை, காதுப்பக்கம் ரோஜாப்பூ போட்டதை, மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். அங்கே யார் என்ன சொன்னார்களோ, வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்கு அடியில், கோழிக்கூட்டுக்குள், குப்பைக்குழியில்கூடத் தேடினார். கிறிஸ்மஸ் அன்று ஆராதனை முடிந்து வந்ததும், பழைய காலண்டர் தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை நீ அவரிடம் நீட்டினாய். பிரித்தால் கண்ணாடி. அடி நிச்சயம் என்று நான் குறுக்கே போய் நின்றேன். அவரோ அதை மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தார், கிறிஸ்மஸ் குடிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏ, நீ நல்லாத்தான் இருக்க" என்றார். பிறகு உன்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். "கடையில வாங்குன எந்தச் சாமானுக்காவது மனுசன் இப்பிடிச் சந்தோசப்படுவானாலே? பரிசுன்னா இதுல்லா பரிசு!"

அன்றோடு நம் வீட்டில் கடைப் பரிசு ஒழிந்தது. டிசம்பர் பிறந்ததும் ஒவ்வொருவரும் இன்னொருவருடைய பொருள் ஒன்றைக் களவெடுக்க வேண்டும். கிறிஸ்மஸ் காலையில் அதை அழகாகப் பொட்டலம் கட்டி உரியவரிடமே கொடுக்க வேண்டும். நடுவில் யார் எவ்வளவு கெஞ்சினாலும் கள்ளன் வாயைத் திறக்கக் கூடாது. தேடுகிறவரோடு சேர்ந்து தேடவும் வேண்டும். கிரேஸ் ஒரு வருஷம் என் இட்லிக் கொப்பரை மூடியை எடுத்துவிட்டாள். கிறிஸ்மஸ் வரும்வரை சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் அம்மிக்குழவியை ஏற்றி இட்லி அவித்தேன். நான் ஒரு வருஷம் அப்பாவின் குடையை எடுத்தேன். அவர் பால்காரரையும் பக்கத்து வீட்டுக்காரரையும் சந்தேகப்பட்டு ஜாடைமாடையாகப் பேசிவிட்டு, கிறிஸ்மஸ் அன்று இருவர் வீட்டுக்கும் கேக்கோடு போய் மன்னிப்புக் கேட்டார். போதகர் ஐயா பத்துக் கட்டளைகளைப் பற்றிப் பிரசங்கம் செய்துகொண்டே வந்து, எட்டாவது கட்டளையில் "களவு செய்யாதிருப்பாயாக" என்று சொல்லும்போது நம் பெஞ்சைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நிறுத்தினாரே, நினைவிருக்கிறதா? நீதான் முதலில் சிரித்தாய்.

இதையெல்லாம் வாணியிடம் நீ சொல்லியிருப்பாய் என்று நாங்கள் நினைத்தோம். நீயோ கல்யாணமான கையோடு மஸ்கட்டுக்கு விமானம் ஏறிவிட்டாய். நாங்களும் சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து ஒரே வீட்டில் இருக்கிறவர்களுக்கு, தங்கள் வீட்டு வழக்கம் உலக வழக்கம் மாதிரியே தோன்றிவிடுகிறது.

வாணியின் அப்பாவைப் பற்றி உனக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் உங்கள் கல்யாணத்தன்று நீ மணமேடையில் இருந்தாய், நான் வாசலில் நின்று வரவேற்றுக்கொண்டிருந்தேன். அதனால் நீ பார்க்காததை நான் பார்த்தேன். போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். ஆழ்வார்குறிச்சியில் ஊரே அவரை ஏட்டையா என்றுதான் கூப்பிடும். தாயில்லாப் பிள்ளையை ஒற்றை ஆளாக வளர்த்தவர். அந்தப் பிள்ளை ஒரு கிறிஸ்தவப் பையனைக் கட்டுகிறேன் என்றதும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. மண்டப வாசலில் பந்தக்காலுக்குப் பக்கத்தில் இன்னொரு கால் மாதிரி நின்றார். எல்லாம் முடிந்ததும் வாணியிடம் வந்து, தன் கையிலிருந்த, சாவி கொடுத்து ஓட்டுகிற பழைய வாட்சைக் கழற்றி அவள் கையில் மாட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை. பந்தியில் உட்காராமல் பஸ் ஏறிவிட்டார். அதற்குப் பிறகு போனும் இல்லை. வாட்ச் வாணியின் கையில் நிற்காது, முழங்கை வரைக்கும் ஓடும். அதனால் துணி அலமாரியில் வைத்து, தினமும் காலையில் எடுத்துச் சாவி கொடுத்துவிட்டுத் திரும்ப வைத்துவிடுவாள்.

போன டிசம்பரில் ஒருநாள் காலையில் அலமாரியைத் திறந்தால் வாட்ச் இல்லை. வாணி எல்லாத் துணியையும் உதறினாள். பிறகு எல்லாரும் சேர்ந்து தேடினோம். உன் அப்பா டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு அலமாரிக்கு அடியில் தலையை விட்டபடி, "பதறாதம்மா, பையத் தேடு, வீட்டுக்குள்ளதான் கெடக்கும்" என்றார். கிரேஸ் தோட்டத்துக்குப் போய்த் தேடினாள். நான் அரிசிப் பானைக்குள் கைவிட்டுப் பார்த்தேன். வாணி கண்ணைத் துடைத்துக்கொண்டே நின்றாள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? வந்த முதல் வருஷமே நம் வழக்கத்தைப் புரிந்துகொண்டு என்னமாய் நடிக்கிறது இந்தப் பிள்ளை என்று நினைத்தேன். கிரேசிடம் ரகசியமாகப் பாராட்டவும் செய்தேன்.

இதற்கிடையில் உன் அப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது. ஏட்டையாவை நேரில் போய்க் கிறிஸ்மசுக்கு அழைக்க வேண்டும். வெறுங்கையோடு போக முடியுமா? நான் பரணிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இறக்கி, புதுத் தாள் விரித்து, முந்திரிக்கொத்தை அடுக்கி, மஞ்சள் பைக்குள் போட்டுக் கொடுத்தேன். அம்பாசமுத்திரத்தில் பஸ் மாறி, பையைப் பிரிக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்திருக்கிறார். ஏட்டையா சபரிமலைக்கு மாலை போட்டிருந்தாராம். கறுப்பு வேட்டியோடு வாசலிலேயே நின்று டின்னை வாங்கிக்கொண்டு, "பாக்கலாம் சாமி" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். "வருவாரா?" என்று கேட்டேன். "பாக்கலாம்னு சொன்னா பாக்கலாம்னுதான் அர்த்தம்" என்று உன் அப்பா எனக்கு விளக்கம் சொன்னார்.

ஒருவேளை வந்துவிட்டால்? மாலை போட்டவருக்கு நம் வீட்டில் கறிச்சோறு போட முடியுமா? அந்தக் கிறிஸ்மசுக்கு ஆட்டுக்கறி கிடையாது, சொதியும் இஞ்சித் துவையலும்தான் என்று அறிவித்தேன். தேங்காய்ப்பால் பிழிந்து, புதுப் பாத்திரம் வாங்கி, அடுப்பைக்கூடத் தேய்த்துக் கழுவினேன். கிரேஸ் துக்க வீட்டுக்காரி மாதிரி நடமாடினாள்.

கிறிஸ்மசுக்கு முந்தின நாள் மத்தியானம் உன் அப்பா ஸ்டூல் போட்டுப் பரணில் எதையோ துழாவிக்கொண்டிருந்தார்.

"இங்கன பச்ச மூடி போட்ட டின் ஒண்ணு இருந்துச்சே, எங்க?"

"அதத்தான நீங்க ஆழ்வார்குறிச்சிக்குக் கொண்டு போனீங்க."

அவர் ஸ்டூலிலிருந்து இறங்கி அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார். "அடித்தாளுக்குக் கீழ ஏதும் பாத்தியா?"

"நான் எதுக்கு அதப் பாக்கேன்? அதுக்கு மேலதான் புதுத் தாள் விரிச்சேன்."

"போச்சு. மருமக வாட்ச் அதுக்குள்ளதான் இருக்கு."

களவெடுத்த பொருளை மடியிலேயே வைத்துக்கொண்டு, பஸ் மாறிப் போய், பறிகொடுத்தவளின் அப்பாவிடம், அதுவும் ஒரு போலீஸ்காரரிடம், தன் கையாலேயே ஒப்படைத்துவிட்டு வந்த கள்ளன் உலகத்தில் உன் அப்பா ஒருவராகத்தான் இருப்பார். சிரிக்கவா அழவா என்று எனக்குத் தெரியவில்லை. "வீட்டுல எத்தனையோ சாமான் இருக்கயில அத ஏன் எடுத்தீங்க?" என்று கேட்டேன். "அது அவ கையில நிக்கல. மார்க்கெட்ல குடுத்து அவ கைக்கு அளவாப் புது வார் போட்டேன்" என்றார். பிறகு, "மருமககிட்டக் களவெடுக்கலன்னா அவள வேத்து ஆளா நெனச்ச மாதிரி ஆயிரும்லா?" என்றார்.

வாணியிடம் உடனே சொல்லிவிடலாம் என்றேன். "கள்ளன் வாயத் தெறக்கக் கூடாது, அது வீட்டுச் சட்டம்" என்றார். "டின்னக் கொண்டுவரச் சொல்லிப் போன் போடுதேன். நாளைக்குக் காலைல கமுக்கமா எடுத்துப் பொட்டலம் கட்டிருவேன்." போட்டார். நான் காதை ஒட்டவைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

"ஏட்டையா, நாளைக்கு வரும்போது அந்த டின்ன மட்டும் கையோட கொண்டு வந்திருங்க."

அந்தப் பக்கம் டின்னைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "பலகாரம் குடுத்த கையோட டின்னத் திருப்பிக் கேக்கீங்களா?"

"இல்ல... அது ராசியான டின்னு."

"டின்னுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

உன் அப்பாவுக்கு நெற்றியில் வேர்த்துவிட்டது. "முந்திரிக்கொத்து."

"நாளைக்கு வாரேன்" என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் விடியற்கால ஆராதனையில் உன் அப்பா பாடிய பாட்டு ஒன்றுகூட சுருதியில் இல்லை. வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல எல்லாரும் வட்டமாக உட்கார்ந்தோம். கிரேஸ் என் கத்தரிக்கோலைக் கொடுத்தாள். நான் அவளுடைய இயர்போனைக் கொடுத்தேன். அப்பாவின் ஒற்றைச் செருப்பையும் கிரேசே எடுத்து வைத்திருந்து கொடுத்தாள். வாணி எங்களை மாறி மாறிப் பார்த்தாள். "என்ன அத்த இது, அவங்கவங்க சாமான அவங்கவங்களுக்கே குடுக்கீங்க?" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தப் பிள்ளைக்கு ஒன்றுமே தெரியாது. அவள் அழுததெல்லாம் நிஜ அழுகை. கிரேஸ் வழக்கத்தை விளக்கிச் சொல்லச் சொல்ல, வாணியின் முகம் விளக்குப் போட்ட மாதிரி மலர்ந்தது. "அப்போ என் வாட்ச்?" என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கையை நீட்டினாள். அந்தக் கையில் வைக்க எங்களிடம் ஒன்றும் இல்லை.

உன் அப்பா சொல்லிவிட்டார். டின், பஸ், ஆழ்வார்குறிச்சி, எல்லாவற்றையும். வாணி அழவில்லை. நம் வீட்டுக்கு வந்ததிலிருந்து முதல்முறையாகக் கோபப்பட்டாள். "மாமா, எங்கப்பா அன்னைக்கு ஒரு வார்த்த பேசலல்லா? அந்த வாட்சக் கழத்திக் குடுத்தாருல்லா, அதான் மாமா அவரு பேசுனது. இப்போ அத நான் பலகாரத்துக்கு அடியில வச்சித் திருப்பி அனுப்புனதாத்தான் நெனச்சிருப்பாரு. இனிமே எப்பிடி இந்த வீட்டு வாசல மிதிப்பாரு?"

அவள் சொல்லி வாயை மூடவில்லை, வாசலில் ஆட்டோ வந்து நின்றது. கறுப்பு வேட்டி, துளசிமாலை, வெறுங்கால், கக்கத்தில் பச்சை மூடி போட்ட டின்.

"வாங்க சாமி" என்றார் உன் அப்பா.

ஏட்டையா உட்கார்ந்தார். தண்ணீர் வேண்டாம் என்றார். டின்னை மேசைமேல் வைத்துத் திறந்து, வாட்சை எடுத்து வெளியே வைத்தார். மாலை போட்டிருப்பதால் வெளிப் பலகாரம் தொடமாட்டாராம். தெருப் பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு டின்னைக் கழுவப் போன இடத்தில் அகப்பட்டதாம். பிறகு விசாரணை தொடங்கியது. அதை அப்படியேதான் எழுதுகிறேன், நீ மனசுக்குள் பார்த்துக்கொள்.

"இது யாருது?"

"என்னதுப்பா" என்றாள் வாணி.

"நீ அனுப்புனியா?"

"இல்லப்பா. காணாம போச்சு."

"யாரு மேல சந்தேகம்?"

வாணி எங்கள் மூன்று பேரையும் பார்த்தாள். "அப்போ ஒருத்தர் மேலயும் இல்லப்பா. இப்போ எல்லார் மேலயும்."

உன் அப்பா எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "நாந்தான் எடுத்தேன்."

"எதுக்கு?"

"குடுக்கதுக்கு."

"யாருக்கு?"

"அவளுக்குத்தான்."

ஏட்டையா அவரை மேலும் கீழும் பார்த்தார். "அவ சாமான எடுத்து, அவளுக்கே குடுக்கதுக்கு. என் சர்வீஸ்ல இப்பிடி ஒரு வாக்குமூலம் நான் கேட்டதில்ல சாமி." கிரேஸ் ஓடிவந்து வழக்கத்தை மூச்சுவிடாமல் விளக்கினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "இதுல மொதக் களவு யாரு செஞ்சது?" என்றார். "அண்ணன்." "அவன் இப்போ எங்க?" "மஸ்கட்ல." ஏட்டையா தலையை ஆட்டினார். "தலைமறைவு."

சாம், அதுதான் உன் பெயருக்கு நேரே இன்றுவரை இருக்கிற நிலவரம்.

கிரேஸ் முதலில் சிரித்தாள். பிறகு வாணி. சிரிக்கலாமா என்று தெரியாமல் உன் அப்பா கையைக் கட்டியபடியே நின்றார். ஏட்டையா சிரிக்கவில்லை. வாட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே பேசினார். "பாத்த ஒடனே எனக்கு நெஞ்சு அடச்சிருச்சி. நம்ம பிள்ள நம்மள வேண்டாம்னுட்டான்னு நெனச்சேன். ராத்திரி சோறு எறங்கல. பொறவு நல்லாப் பாத்தேன். புது வாரு. சின்ன வாரு. வேண்டாம்னு திருப்பி அனுப்புறவ எதுக்கு அவ கை அளவுக்கு வாரு மாத்தி அனுப்பணும்? கேசு இடிக்குதேன்னு யோசிச்சேன். அதான் நேர்ல விசாரிச்சிருவோம்னு வந்தேன்." பிறகு உன் அப்பாவைப் பார்த்து, "மாலை போட்டிருக்கேன், கோவப்படக் கூடாது. அதுனால நீங்க தப்பிச்சீங்க" என்றார்.

வாணியைப் பக்கத்தில் கூப்பிட்டு, அவரே அவள் கையில் மாட்டிவிட்டார். அது அளவாக நின்றது. அவள் கையை விடாமல், "போன் பண்ணணும்னுதான் நெனப்பேன். எடுத்தா என்ன பேசன்னு தெரியாது. வச்சிருவேன்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். நான் அடுக்களைக்குள் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் வாசலில் அவர் குரல் கேட்டது. "தங்கச்சி, சொதி வாசம் வருதே. எனக்காகப் புதுப் பாத்திரத்துல வச்சீங்களாமே, பிள்ள சொல்லிச்சி. எல போடுங்க."

கல்யாணப் பந்தியில் உட்காராத மனிதர் அன்று மூன்று தடவை சொதி வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து தீர்ப்பும் சொன்னார்: பொருளைப் பறிகொடுத்தவர்கள் நிஜமாக அழுதால், அன்றைக்கே பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், கிறிஸ்மஸ் வரைக்கும் காத்திருக்கக் கூடாது. நம் வீட்டுச் சட்டத்தில் அது சேர்ந்துவிட்டது. நீயும் அங்கே அதைக் கடைப்பிடிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உனக்குச் சொல்ல வேண்டியது ஒன்றிரண்டுதான். இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீட்டில் களவு போனால் கள்ளன் யார் என்று கேட்கவே வேண்டாம். அதனால் உன் சாமர்த்தியம் அங்கே செல்லாது. அவள் எதைத் தேடினாலும் அது அவளுக்கு என்ன என்று முதலில் கேட்டுக்கொள். நமக்கு வேடிக்கையாக இருக்கிற ஒரு பொருளில் அவளுடைய அப்பா முழுதாக உட்கார்ந்திருக்கலாம். நம் வீட்டுக் கூத்தையெல்லாம் அவள் தலையில் கட்டுகிறாயே, அவள் வீட்டுக் கூத்தை என்றைக்காவது கேட்டிருக்கிறாயா? நான் கேட்டேன். தீபாவளி அன்று எண்ணெய் தேய்ப்பதற்கு முன்னால் ஏட்டையா முற்றத்தில் நின்று ஆஜர் எடுப்பாராம். இருப்பதே ஒரே ஒரு பிள்ளை. அதைப் பேர் சொல்லிக் கூப்பிட, அது பாவாடையைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நின்று, "உள்ளேன் ஐயா" என்று சொன்னால்தான் பட்டாசாம். இதைச் சொல்லும்போது அவள் சிரித்த சிரிப்பை நீ பார்க்க வேண்டும். வருகிற தீபாவளிக்கு அதற்கு வழி செய். உன் அப்பாவுக்கும் எனக்கும் வயதாகிக்கொண்டு வருகிறது. அவருக்கு இப்போதெல்லாம் எதை எங்கே ஒளித்தோம் என்பது மறந்துவிடுகிறது. இன்னும் எத்தனை கிறிஸ்மசுக்கு இந்த வீட்டில் களவு நடக்கும் என்று சொல்ல முடியாது. நீங்கள் அங்கே சேர்த்துக்கொள்வதுதான் மிச்சம்.

முந்தாநாள் ஏட்டையா போன் பண்ணினார். இப்போது வாரம் தவறாமல் பண்ணுகிறார், ஆனால் அன்று வாணியைக் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டார். "தங்கச்சி, இந்த வருசம் கிறிஸ்மசுக்கு வாணி அங்கன இருக்க மாட்டா" என்றார். ஆமாம் என்றேன். "பிள்ள இல்லாத வீட்டுக்கு நான் வாரதுக்கு... மொற ஏதும் இருக்கா?" என்றார். உன் அப்பா என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "மொறையாவது ஒண்ணாவது! பஸ் ஏறி வாரும் வே" என்று கத்தினார்.

அந்தப் பக்கத்திலிருந்து அவர் சொன்னது எனக்கே கேட்டது. "அப்பிடின்னா சரி வே. இந்த வருசம் கார்த்திகையிலேயே மலைக்குப் போயிட்டு வந்துருதேன். கிறிஸ்மசுக்கு மால கழத்தியிருப்பேன். கறி எடுத்து வையும்."

கிறிஸ்மசுக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. உன் அப்பா நேற்றுக் காலையிலேயே மார்க்கெட்டுக்குப் போய், கறிக்கடை அண்ணாச்சியிடம் நல்ல தொடையாக ஒன்று சொல்லிவைத்துவிட்டு வந்துவிட்டார்.

உன் அம்மா